கருவாடும் குளிர்ப்பெட்டியும்

வழிப்பயணம் புறப்படும் மனிதனோடு எக்காலத்தும் கூடவே புறப்படுவது கட்டுச்சோற்றைப் பற்றிய கவலை. இக்கவலை இரண்டு கூறுகளை உடையது. கொண்டு செல்லும் உணவு கெடாமல் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அவ்வுணவைச் சுமந்து சென்று, வேண்டிய இடத்தில் இறக்கி, மீண்டும் ஏற்றுதல் வேண்டும் என்பது மற்றொன்று. வரலாறு எழுதுவோர் முன்னதை விரித்துப் பேசுவர். பின்னதைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். உப்பின் வரலாறு உண்டு, பனிக்கட்டியின் வரலாறு உண்டு. முதுகெலும்பின் வரலாற்றை எழுதுவார் அரியர். இவ்விரண்டு கூறுகளும் பிணைந்து கிடப்பதை ஓரிடத்தில் நின்று காண விரும்புவோருக்கு ஈழத்தின் வடமேற்கே அமைந்த மன்னார்க் கரையைப் போல் வாய்ப்பான இடம் வேறொன்றில்லை.

மன்னார்த் தீவு, பெருநிலத்திலிருந்து இராமேசுவரத்தை நோக்கி நீட்டிய விரல் போன்றது. அதன் ஒரு முனையிலே மன்னார்ப் பட்டினமும் கோட்டையும், மறுமுனையிலே தலைமன்னாரும் உள்ளன. இடையே பேசாலை முதலிய மீன்பிடி ஊர்கள். தீவுக்கு எதிரே பெருநிலத்தில் மாதோட்டம், அதாவது மாந்தைத் துறை, பண்டு கீழ்த்திசைக் கடல் வாணிகத்தின் சந்தியாக விளங்கிற்று. 1980ஆம் ஆண்டிற்குப் பின் அங்கு நடந்த அகழாய்வில் சீனத்துப் பீங்கானும் பாரசீகக் குடாவிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகிட்ட பெருஞ்சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டன. அச்சாடிகள் கடல்வழியே பண்டம் சுமந்து வந்தவை. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் ஈழத்து உணவும் ஒன்றென்று பட்டினப்பாலை கூறுகின்றது. அவ்வுணவு இன்னதென்று அந்நூல் விரிக்கவில்லை. யாதாயினும், கப்பலில் நாட்கணக்காகக் கிடந்தும் கெடாத ஒன்றாகவே அது இருந்திருத்தல் வேண்டும்.

கெடாத உணவு என்றதும் இக்கரையில் எவர்க்கும் நினைவுக்கு வருவது கருவாடு. சங்க காலத்து நெய்தற் பாடல்களிலே, உப்பிட்ட மீனை மணலில் உணக்கிப் பறவைகளை ஓட்டும் மகளிர் பலகாலும் தோன்றுவர். அக்காட்சியை மன்னார்க் கரையில் இன்றும் காணலாம். உப்புக்கு வேறிடம் போக வேண்டுவதில்லை. மன்னாரிலேயே உப்பளம் உண்டு. வெயிலும் காற்றும் விலையின்றிக் கிடைப்பவை. கட்டா, பாரை, சீலா, திருக்கை, சுறா என எந்த மீனாயினும் கீறி, குடல் நீக்கி, உப்பிட்டு, வெயிலில் பரப்பினால் சில நாட்களில் கருவாடாகும். மீனின் உடலில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பங்கு நீராகும். உப்பு அந்நீரை வெளியே இழுக்கின்றது. வெயில் அதைக் கொண்டு போகின்றது. நீர் குன்றவே அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லாமற் போகின்றன.

இங்கே ஒரு நுட்பம் நோக்கற்பாலது. மீன் கெடாமற் போவதோடு அதன் பாரமும் குறைகின்றது. மூன்று மூட்டை மீன் ஏறத்தாழ ஒரு மூட்டைக் கருவாடாகச் சுருங்கிவிடும். மன்னாரில் புகழ்பெற்ற கழுதைகளின் முதுகிலோ, மாட்டு வண்டியிலோ, மனிதர் தலையிலோ அதை எளிதில் ஏற்றலாம். காத்தலும் சுமத்தலும் ஒரே செயலில் நிறைவேறின. அதுமட்டுமன்று, கருவாடு வைத்திருப்பவன் இன்றே விற்றாக வேண்டும் என்ற நெருக்கடிக்கு ஆளாவதில்லை. விலை இறங்கினால் ஒரு கிழமை பொறுத்திருப்பான். பச்சை மீனை வைத்திருப்பவனுக்கோ பொழுது சாயுமுன் வாங்க வருபவன் சொன்னதே விலை.

பனிக்கட்டியின் கதை இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் பொசுத்தன் நகரத்து வணிகரான பிரடெரிக் டியூடர் 1833ஆம் ஆண்டு ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். நான்கு திங்கட் பயணத்தின் பின் 100 தொன்னளவு உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையிலும் அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டடம் ஒன்று எழுந்தது. 'ஐசு அவுசு' என்று மக்கள் வழங்கிய அக்கட்டடத்தில் பின்னாளில் விவேகானந்தர் தங்கினார். இன்று அவர் பெயரே அதற்கு வழங்குகின்றது. நியூ இங்கிலாந்துக் குளத்தில் வெட்டிய கட்டியை வங்காளக் குடாவில் விற்க முடிந்ததற்குக் காரணம் ஓர் இயற்கை விதியே. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது உட்கொள்ளும் வெப்பம், அதே அளவு நீரைச் சுழியத்திலிருந்து 80 பாகை வரை சூடேற்றப் போதுமானது. ஆதலின் கட்டி மெல்ல உருகும். சுற்றியுள்ளதை நெடுநேரம் குளிர வைத்திருக்கும்.

அவுஸ்திரேலியாவின் சீலோங் நகரில் பத்திரிகையாளராக இருந்த ஜேம்சு ஹரிசன் என்பார், 1850களில் ஈதரை அமுக்கியும் ஆவியாக்கியும் பனிக்கட்டி செய்யும் பொறியை அமைத்தார். உறைந்த இறைச்சியை 1873இல் இலண்டனுக்கு அனுப்ப முயன்று அவர் தோற்றார். 1882இல் 'டனீடின்' என்னும் பாய்க்கப்பல் நியூசிலாந்திலிருந்து உறைந்த இறைச்சியைக் குறைவின்றி இலண்டன் சேர்த்தது. குளிரையும் கப்பலேற்றலாம் என்பது அன்றோடு ஐயமற நிலைபெற்றது.

எனினும் பனிக்கட்டி பாரத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகின்றது. வெப்ப நாடுகளில் மீன் ஒரு பங்குக்குப் பனிக்கட்டியும் ஒரு பங்கு இடுதல் நன்று என்பர். மீனைக் குளிரச் செய்ய மாத்திரம் அத்துணை வேண்டுவதில்லை. பெட்டியின் சுவரூடே புகும் வெப்பமே பெரும்பகுதியை உருக்கிவிடுகின்றது. ஆகவே 50 கிலோ மீன் 100 கிலோச் சுமையாகிறது. மேலும் உப்பு மீனவன் வீட்டில் இருந்தது. பனிக்கட்டியோ ஆலை வைத்திருப்பவனிடம் இருந்தது. கருவாடு மீனவனுக்கு அளித்த பொறுத்திருக்கும் உரிமை, பனிக்கட்டி வந்தபோது அவன் கையை விட்டு அகன்றது. இதனை நன்மை தீமை என்று ஒரே சொல்லில் தீர்த்துவிட முடியாது. ஐசிலிட்ட மீனுக்கு நகரத்தில் நல்ல விலையுண்டு. அவ்விலையில் மீன் பிடித்தவனுக்கு எத்துணைப் பங்கு என்பதே கேள்வி.

பாரமிகுந்த சுமை இக்கரையில் நடமாடப் புகையிரதம் துணையாயிற்று. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்தும் தொடங்கிற்று. மாலையில் தலைமன்னாரில் வண்டியேறியவர் விடியலிற் கொழும்பில் இறங்கினார். தலைமன்னார் இறங்குதுறையின் வேலை முழுவதும் ஏற்றலும் இறக்கலுமே. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980களின் நடுவில் நின்றது. 1990இல் போர் மூண்டபோது மன்னார்ப் பாலம் தகர்ந்தது, புகையிரதமும் நின்றது. புதிய பாலம் 2010இலும் தலைமன்னார் வரையிலான இருப்புப்பாதை 2015 மார்ச்சிலும் மீண்டும் திறக்கப்பட்டன.

போர்க்காலத்திலும் குளிரைச் சுமந்தோர் உண்டு. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தை இறுதிவரை குளிரிலேயே கொண்டு செல்லுதல் வேண்டும். குளிர் குலைந்தால் மருந்து வெறும் நீராம். 1995ஆம் ஆண்டு தொட்டு நடந்த தேசியத் தடுப்பு மருந்து நாட்களில், வடகிழக்கிலே குழந்தைகளுக்கு மருந்து சேர்தற் பொருட்டுச் சண்டையை நிறுத்தி வைக்க இருதரப்பாரும் இசைந்தனர். அம்மருந்தை ஏந்திய சிறுபெட்டி, சுகாதார ஊழியர் ஒருவர் தோளில் மாட்டி நடக்கும் அளவினது. பெட்டியின் அளவை உடலே வகுத்தது.

சுமைக்கும் உடலுக்கும் உள்ள இவ்வுறவைத் தமிழர் பண்டே நன்கறிந்திருந்தனர். வழியோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கல் அதற்குச் சான்று. கருவுற்று மாண்ட பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். அதன் உயரம் தற்செயலானதன்று. தலைச்சுமைக்காரன் குனியாமலும் பிறர் உதவியை நாடாமலும் சுமையைக் கல்லின் மேல் தள்ளி வைத்து இளைப்பாறி, மீண்டும் தலைக்கு இழுத்துக் கொள்ளலாம். சுமையைத் தூக்குவதைத் தவிர்த்து நகர்த்துவதே அதன் உபாயம். மாட்டு வண்டியிலும் இத்தகைய உபாயம் உண்டு. மாட்டை அவிழ்த்து நுகத்தை நிலத்தில் வைத்தால் வண்டித்தட்டு முன்சாய்ந்து தாழும். மூட்டையைச் சறுக்கி இறக்கிவிடலாம்.

மோட்டார் வண்டி வந்தபோது இந்த எளிமை தொலைந்தது. இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற ஜீப்பும், 1948இல் வெளிவந்த லாண்ட் றோவரும், 1950களில் தோன்றிய லாண்ட் குறூசரும் நான்கு சில்லும் உந்தி ஓடுவன. மணலிலும் சேற்றிலும் புதையாதிருக்க அவற்றின் அடித்தளம் உயர்ந்தது. அடித்தளம் உயரவே, பின்தட்டு இடுப்பளவுக்கு வந்தது. அதன்மேல் இழுப்பறைகளை அமைத்து, அவற்றின்மேல் பற்றரியில் ஓடும் குளிர்ப்பெட்டியை வைத்தால், பெட்டியின் வாய் நெஞ்சுக்கும் மேலே போய்விடும். வெறும் பெட்டியே 20 கிலோவுக்கு மேற்பட்டது. நிறைத்தால் 50, 60 கிலோ. மூடியைத் திறந்து உள்ளே எட்டிப்பார்க்கவும் முடியாமல், கீழே இறக்கவும் முடியாமல் பயணி திகைக்க நேர்ந்தது.

இதற்கு நெடும்பாலைவழிகள் மிகுந்த அவுஸ்திரேலியாவில் பரவிய விடையே, தொழிலாளர் 'ஸ்லைட்' என்று சொல்லும் இறங்குதட்டு. பெட்டி ஒரு தட்டின்மேல் வாரிட்டு இறுக்கப்படும். தட்டு, இருபுறத்துத் தண்டவாளங்களில் சிறு உருளிகளின்மேல் ஓடி வண்டிக்கு வெளியே நீளும். நீண்டு முடிந்தபின், ஒன்றுக்கொன்று இணையான கைகளில் தொங்கி, சாயாமல் கீழே தாழும். வாயு அடைத்த உந்துகோல்கள் பாரத்தின் ஒரு பகுதியைத் தாம் தாங்கிக் கொள்ளுதலால், ஒருவரே ஒரு கையால் இறக்கவும் ஏற்றவும் இயலும். சுமைதாங்கி சுமையை வைக்கும் உயரத்தை உடலுக்கு உயர்த்தியது. இறங்குதட்டு சுமையையே உடலின் உயரத்துக்குத் தாழ்த்துகின்றது.

பொருத்தும் முறையில் கவனிக்க வேண்டியவை சில உள. பின்கதவின் அகலத்தையும் உயரத்தையும் அளத்தல் முதல் வேலை. தட்டின் உயரத்தைக் கூட்டிய பின்னும் பெட்டி உள்ளே நுழைகின்றதா, இறங்கியபின் மூடி முழுதும் திறக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். அடுத்தது ஆணியடிப்பு. வண்டியின் தரைத்தகடு மெல்லியது. அதில் மாத்திரம் மரையாணியை முடுக்கினால் தகடு கிழியும். வண்டி செய்தவர் விட்டுள்ள சுமை கட்டும் துளைகளைப் பயன்படுத்துதல் நலம்; இயலாவிடின் அடியில் தடித்த இரும்புத் தட்டையை வைத்து முடுக்குதல் வேண்டும். துளையிடுமுன் கீழே எண்ணெய்த் தாங்கியும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று குனிந்து பார்க்காதவர் பெரும் விபத்தை வருவித்துக் கொள்வர். இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் கணக்கில் உள்ளது. மோதலில் வண்டி புவியீர்ப்பின் இருபது மடங்கு வேகமாற்றத்துக்கு உட்பட்டால், 60 கிலோப் பெட்டி 1,200 கிலோவின் இழுப்பை ஆணிகளில் ஏற்றும். அப்பெட்டி பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளை நோக்கியே பாயும்.

மின்கம்பி தடிப்பானதாயும், பற்றரிக்கு அண்மையில் உருகி பூட்டியதாயும், தட்டு முழுதும் நீண்டு இறங்கினாலும் இழுபடாத நீளமுள்ளதாயும் இருத்தல் வேண்டும். பெட்டியின் அமுக்கி வெப்பத்தை வெளிவிடும் பக்கத்தில் காற்றோட்டம் அடைபடலாகாது. சரிவில் வண்டியை நிறுத்திப் பூட்டை விடுத்தால் தட்டு தானாக ஓடிவந்து மார்பில் இடிக்கும். இன்னுமொரு குறையையும் மறைத்தல் கூடாது. பெரிய இறங்குதட்டு தானே ஏறத்தாழ 30 கிலோ. முதுகைக் காக்க வந்த பொறி வண்டிக்குச் சுமையைக் கூட்டுகின்றது. பனிக்கட்டி தொடங்கி வைத்த வழக்கு இன்னும் தீரவில்லை என்றே சொல்லல் வேண்டும்.

மன்னார்க் கரை இத்தகைய பொறிக்குக் கடுமையான சோதனைக் களமாகும். 2010இல் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரை காண வருவோரும், அரிப்பு, மரிச்சுக்கட்டி வழியே வில்பத்துக் காட்டின் ஓரமாகச் செல்வோரும் உயர்ந்த வண்டிகளிலேயே வருகின்றனர். இங்கு மணல் மாவு போன்றது. காற்றில் உப்பு கலந்தது. தண்டவாளத்தில் மசகு பூசினால் மணல் அதில் ஒட்டி அரைக்கும். உலர்ந்த மசகே தகும். நாகமுலாம் தேய்ந்த ஆணி ஒரு மழைக்காலத்திற் துருவேறும். கரையை விட்டு நீங்கும் நாளில் நன்னீரால் கழுவித் துடைத்தல் வேண்டும். படகின் இயந்திரத்துக்கு இக்கரை மீனவர் செய்யும் பணியும் அதுவே.

அவ்வண்டிகளைக் கடந்து, அதே வீதியில் மீன் வியாபாரி மோட்டார்ச் சைக்கிளில் போகின்றார். இருக்கைக்குப் பின்னால் மரப்பெட்டி, அதனுள்ளே றெஜிபோம், அதற்குள் உடைத்த ஐசும் காலையிற் பிடித்த சூடையும் பாரையும். அவருக்குத் தண்டவாளமும் வேண்டுவதில்லை, உந்துகோலும் வேண்டுவதில்லை. வண்டியை நிறுத்திக் காலை ஊன்றித் திரும்பினால், பெட்டியின் மூடி அவர் இடுப்பளவில் இருக்கின்றது. வாங்க வந்த பெண் குனியாமலே மீனின் செவுளைத் திறந்து பார்க்கின்றாள்.