இடியைப் பெட்டிக்குள் அடைத்தவர்கள்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க வீடொன்றில் நல்ல பேஸ் கேட்க ஆசைப்பட்டவர் முதலில் தேட வேண்டியிருந்தது பணத்தை அல்ல, இடத்தை. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் 1946 முதல் பால் கிளிப்ஷ் செய்து விற்ற கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலையில்தான் நிற்கும். மூலைச் சுவர் இரண்டையும் தன் ஊதுகுழலின் நீட்சியாக ஆக்கிக்கொள்ளும். உள்ளே 15 அங்குல வூஃபர். சில வாட்ஸ் கொடுத்தாலே வீடு அதிரும். ஆனால் அதற்கு ஒரு மூலை காலியாக இருக்க வேண்டும். கட்டியவளின் சம்மதமும் வேண்டும்.

பெட்டி ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? அதைப் புரிந்துகொள்ள இன்னும் சற்றுப் பின்னால் போக வேண்டும். 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அதன் முனையில் காகிதக் கூம்பு. அவ்வளவுதான். மறு ஆண்டே அது ரேடியோலா 104 என்ற பெயரில் 250 டாலருக்குக் கடைக்கு வந்தது. அந்நாளில் மலிவான ஃபோர்டு மாடல் டி காரின் விலையும் ஏறத்தாழ அதுதான். இன்று எந்த சப்வூஃபரைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது ரைஸும் கெல்லாக்கும் வரைந்த அதே உருவம். நூறு ஆண்டுகளாக மாறியதெல்லாம் அளவும் பொருளும் பெட்டியும்தான்.

பெட்டியில்தான் சிக்கல் இருந்தது. கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கத்தை அடைத்தால் அந்தத் தொல்லை தீரும். ஆனால் உள்ளே சிக்கிய காற்று ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறிதாகச் சிறிதாக அந்த ஸ்பிரிங் விறைக்கும், பேஸ் மேலேறிப் போகும். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் பெட்டியில் ஒரு துளை போட்டு, பின்பக்க ஒலியையும் பயன்படுத்திக்கொள்ளும் வழிக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் காதை வைத்தும் கைப்பக்குவத்தை வைத்துமே முடிவு செய்தார்கள். ஆகவே பாதுகாப்பான வழி ஒன்றுதான்: பெரிய பெட்டி.

இந்த இடத்தில் வந்தவர் எட்கர் வில்ச்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மீளுருவாக்கம் பற்றி மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர்; குடியிருந்தது வுட்ஸ்டாக்கில். எல்லோரும் எதிரியாகப் பார்த்த அந்தக் காற்று ஸ்பிரிங்கை அவர் வேலைக்கு வைத்துக்கொண்டார். அன்றைய வூஃபர்களின் கூம்பை விறைப்பான விளிம்பும் ஸ்பைடர் என்ற உள்பிடியும் பிடித்து வைத்திருந்தன. கூம்பு அதிக தூரம் நகரும்போது அந்தப் பிடி சீராக இருக்காது, பேஸ் கரகரக்கும். வில்ச்சர் பிடியைத் தளர்த்தினார். கூம்பை ஏறக்குறைய அந்தரத்தில் ஆடவிட்டு, காற்றுப் புகாத சிறு பெட்டியில் அடைத்தார். இப்போது கூம்பைத் திருப்பி இழுப்பது பெட்டிக்குள் உள்ள காற்று. துணியையும் காகிதத்தையும்விடக் காற்று பல மடங்கு சீரான ஸ்பிரிங். முதல் மாதிரிக்கு வேண்டிய தளர்ந்த விளிம்பை அவருடைய மனைவி ரோஸ்மேரி மெத்தை உறைத் துணியில் வெட்டிக் கொடுத்தார். போர்க்காலத்தில் வரைபடக் கலைஞராக வேலை பார்த்த கை அது.

பெரிய ஸ்பீக்கர் நிறுவனங்களிடம் இந்த யோசனையை விற்கப் பார்த்தார், எடுபடவில்லை. கடைசியில் வகுப்பு மாணவர் ஹென்றி கிளாஸ் கைகொடுக்க, 1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் பிறந்தது. அந்த அக்டோபரில் நியூயார்க் ஆடியோ கண்காட்சிக்கு ஏஆர்-1 வந்தது. புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டி, 12 அங்குல வூஃபர், விலை 185 டாலர். ஆளுயரப் பெட்டிகள் திணறிய இடத்தில் அது தெளிவாக இறங்கியது. வூஃபர் மட்டும் போதும் என்றவர்களுக்கு ஏஆர்-1டபிள்யூ என்றொரு வகையும் இருந்தது. ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கரோடு தனிப் பேஸ் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கத்தின் முன்னோடிகளில் ஒன்றாக அதைச் சொல்லலாம். நான்கைந்து ஆண்டுகளில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் வந்து வீட்டுக்கு வீடு இரண்டு ஸ்பீக்கர் வேண்டியதானபோது, சிறிய பெட்டிக்கு மவுசு கூடியதில் வியப்பில்லை.

வில்ச்சர் இலவசமாக எதையும் பெற்றுவிடவில்லை. கிளிப்ஷ்ஹார்ன் சில வாட்ஸில் எழுப்பிய ஒலிக்கு ஏஆர்-1 பல மடங்கு மின்சக்தி கேட்டது. இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சூத்திரமாக்கியவர் அவருடைய நிறுவனத்திலிருந்தே பிரிந்துபோய், கிளாஸோடு சேர்ந்து 1957இல் கேஎல்ஹெச் நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்டன் ஹாஃப்மன். புகழ்பெற்ற பியானோ கலைஞர் யோசஃப் ஹாஃப்மனின் மகன். ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த மின்சக்தியில் நிறைய ஒலி ஆகிய மூன்றில் எந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஒலிப்பொறியாளர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்கிறார்கள். கணக்கு ஈவிரக்கமற்றது. அதே பெட்டியில் 40 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறங்க நினைத்தால் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். திறன் குறையக்கூடாது என்றால் பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும். சப்வூஃபரின் பிற்கால வரலாறு முழுவதும் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்ற வரலாறுதான்.

அடுத்த திருப்பம் யாரும் எதிர்பாராத திசையிலிருந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1961இல் சிட்னியில் நெவில் தீல் என்ற பொறியாளர், துளையிட்ட பெட்டிகள் பற்றி உள்நாட்டு வானொலிப் பொறியாளர் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் ஸ்பீக்கரையும் பெட்டியையும் மரவேலையாகப் பார்க்கவில்லை; மின்சுற்றாகப் பார்த்தார். துளையிட்ட பெட்டி என்பது தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் ஒரு ஃபில்டர். ஃபில்டர்களுக்கான கணிதம் தொலைபேசித் துறையில் ஏற்கெனவே தயார். அதை அப்படியே எடுத்துவந்து, எந்த வூஃபருக்கு எந்தப் பெட்டி, எங்கே துளை என்று 28 அமைவுகளை அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தார். முப்பது ஆண்டுக் கைப்பக்குவம் ஒரே கட்டுரையில் வாய்ப்பாடாக மாறியது.

பத்து ஆண்டுகள் அதை அமெரிக்காவும் ஐரோப்பாவும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்மால் அந்தக் கணக்கை விரித்து, அடைத்த பெட்டி, துளையிட்ட பெட்டி இரண்டுக்கும் 1972, 1973 ஆண்டுகளில் அமெரிக்க ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழில் தொடர்ந்து எழுதினார். தீலின் கட்டுரையும் 1971இல் அதே இதழில் மறுபதிப்பானது. அதன்பின் உலகெங்கும் வூஃபர் விற்பவர்கள் தீல்-ஸ்மால் அளவுகளைச் சேர்த்தே கொடுக்கத் தொடங்கினார்கள்.

அந்த எண்களில் மூன்று முக்கியம். எஃப்எஸ் என்பது கூம்பு இயல்பாக ஆடும் அதிர்வெண். விஏஎஸ் என்பது கூம்பின் பிடிக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு, லிட்டரில். க்யூடிஎஸ் என்பது ஆடத் தொடங்கிய கூம்பு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைக் காட்டும். க்யூடிஎஸ் 0.3ஐ ஒட்டி இருந்தால் துளையிட்ட பெட்டி, 0.4க்கு மேல் போகப் போக அடைத்த பெட்டி. பொதுவான வழிகாட்டல் இதுதான். காசு போட்டு வாங்குவதற்கு முன்பே, காகிதத்தில் கணக்குப் போட்டு, எத்தனை லிட்டர் பெட்டியில் எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று ஒருவர் தெரிந்துகொள்ள முடிந்தது. வீட்டில் பெட்டி அடிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விடுதலை எதுவும் இல்லை.

கணிதம் முதிர்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில் ஹாலிவுட் வேறு வழியில் போனது. 1974 நவம்பரில் யூனிவர்சல் 'எர்த்குவேக்' படத்தை வெளியிட்டபோது சென்சரவுண்ட் என்ற அமைப்பையும் கூடவே அனுப்பியது. ஸ்பீக்கர் செய்தவர்கள் செர்வின்-வேகா. அதன் நிறுவனர் ஜீன் செர்வின்ஸ்கி விண்வெளித் துறையிலிருந்து வந்த பொறியாளர். திரைக்குக் கீழேயும் அரங்கின் பின்னேயும் 18 அங்குல வூஃபர்கள் பொருத்திய ராட்சதப் பெட்டிகள். படத்தில் நிலநடுக்கம் வரும்போது ஒலித்தடத்தில் உள்ள ஒரு குறிப்பொலி அவற்றை முடுக்கிவிடும். வருவது இசையல்ல, காதுக்கு எட்டியும் எட்டாமலும் நெஞ்சில் அடிக்கும் உறுமல். ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு பெயர்ந்து ரசிகர்கள் தலையில் விழாதிருக்க வலை கட்டினார்கள். ஹாஃப்மனின் மூன்றில் சிறிய பெட்டி என்பதைத்தான் இவர்கள் தூக்கி எறிந்தார்கள். அரங்கில் இடத்துக்குப் பஞ்சமில்லையே. படத்துக்குச் சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் கிடைத்தது. 'மிட்வே', 'ரோலர்கோஸ்டர்' என்று இன்னும் சில படங்களோடு சென்சரவுண்ட் ஓய்ந்தது. ஆனால் பேஸுக்கென்று தனித் தடம் வேண்டும் என்ற எண்ணம் ஓயவில்லை. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் 70 மி.மீ. பிரதிகளில் டால்பி பேஸுக்கென்றே தடம் ஒதுக்கியது. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு 5.1 டிஜிட்டல் ஒலி அரங்குக்கு வந்தது. 1990களின் இறுதியில் டிவிடி அதை வரவேற்பறைக்கே கொண்டுவந்தது. 5.1இல் உள்ள அந்தப் புள்ளி ஒன்றுதான் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிரடிகளுக்கான தடம்.

அதன்பின் வீட்டில் கேட்பவர் விட்டுக்கொடுக்க முடியாதவை இரண்டு: ஆழமும் பெட்டியின் அளவும். ஆக வெட்டு விழுந்தது திறன்மீது. அதை ஈடுகட்ட வாட்ஸ் வேண்டும். டிரான்சிஸ்டரும் பின்னர் கிளாஸ்-டி வகை ஆம்ப்ளிஃபயரும் வாட்ஸை மலிவாக்கின. இந்தப் போக்கின் உச்சம் 1990களின் நடுவில் பொறியாளர் பாப் கார்வர் கொண்டுவந்த சன்ஃபயர் ட்ரூ சப்வூஃபர். ஒவ்வொரு பக்கமும் 11 அங்குலமே உள்ள கனசதுரப் பெட்டி. உள்ளே 2,700 வாட்ஸ் என்று அறிவிக்கப்பட்ட ஆம்ப்ளிஃபயர். கூம்பு சிறியது, ஆனால் அது முன்னும் பின்னும் ஓடிய தூரம் அதுவரை வீடுகளில் காணாதது.

அந்த ஓட்டதூரம்தான் டிரைவர் (பெட்டிக்குள் பொருத்தும் ஸ்பீக்கர்) தேர்வில் இன்று முதலில் பார்க்க வேண்டிய எண், எக்ஸ்மேக்ஸ் என்பார்கள். ஒலியின் அளவு மாறாமல் அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 18 அங்குல டிரைவரின் கூம்புப் பரப்பு ஏறத்தாழ 1,150 சதுர செ.மீ.; அது ஒரு பக்கம் 5 மி.மீ. நகர்ந்தால் தள்ளும் காற்று 575 கன செ.மீ. 12 அங்குல டிரைவரின் பரப்பு 500 சதுர செ.மீ.தான், ஆனால் 15 மி.மீ. நகர முடிந்தால் 750 கன செ.மீ. அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் இங்கே ஏமாந்துபோகிறார்.

வாட்ஸை மட்டும் பார்த்து வாங்கியவரும்தான். அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களின் வாட்ஸ் கணக்கு வரம்பு மீறிப் போனதால் 1974இல் அரசின் வணிக ஆணையமே அளவிடும் முறைக்கு விதி போட்டது. அப்படியொரு கடிவாளம் இல்லாத நம்மூர்ச் சந்தையில், 1990களில் கையில் தூக்கிச் செல்லும் டேப் ரிக்கார்டரின் முகப்பில்கூட பிஎம்பிஓ (கணநேர உச்ச வாட்ஸ்) என்ற எழுத்துகளோடு ஆயிரம் வாட்ஸ் மின்னியது. பின்னால் உள்ள மின் இணைப்பு விவரத்தைப் படித்தால் சுவரிலிருந்து அது இழுப்பதே சில பத்து வாட்ஸ் என்று எழுதியிருக்கும். படித்தவர்கள் குறைவு.

அதிக தூரம் ஓடும் கூம்பைக் கட்டுக்குள் வைக்க வேறொருவர் வேறு வழி கண்டார். 1983இல் டேவிட் ஹால் கலிஃபோர்னியாவில் தொடங்கிய வெலடைன், சுருளோடு ஒரு முடுக்கமானியை ஒட்டியது. கூம்பு உண்மையில் எப்படி நகர்கிறது என்பதை அது அளந்து சொல்ல, ஆம்ப்ளிஃபயர் பிழையை அந்தக் கணமே திருத்தும். இதே ஹால்தான் 2005இல் அமெரிக்க ராணுவத்தின் ஓட்டுநரில்லா வாகனப் போட்டிக்காக 64 லேசர்கள் சுழலும் லைடார் கருவியைச் செய்து, நிறுவனத்தையே வேறு துறைக்கு இட்டுச் சென்றார். பேஸ் பெட்டிக்காரர்கள் வேறெங்கோ போய்ச் சேர்வது இத்துறையில் புதிதல்ல: வில்ச்சரும் நிறுவனத்தை விற்றுவிட்டுக் காது கேட்கும் கருவி ஆராய்ச்சிக்குப் போனார்; அங்கே தாம் உருவாக்கிய பலதட முறைக்குக் காப்புரிமை கேட்காமலே எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தார்.

டிரைவரும் பெட்டியும் ஆம்ப்பும் இவ்வளவு தூரம் வந்தபின் மிச்சமிருந்த முரடு அறைதான். 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர்; வீட்டு வரவேற்பறைக்குள் அது முழுதாக நிற்கவே இடமில்லை. தாழ்ந்த ஒலிகள் சுவரில் மோதித் திரும்பி, சோபாவின் ஒரு முனையில் குமுறும், மறுமுனையில் மறைந்தே போகும். எவ்வளவு உயர்ந்த டிரைவர் வாங்கினாலும் இது தீராது. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு சப்வூஃபர், அல்லது நான்கு மூலைகளிலும் நான்கு என்று வைத்தால் இருக்கைக்கு இருக்கை உள்ள வேறுபாடு வெகுவாகக் குறையும். அதற்கு மேல் அடுக்கினால் பலன் சொற்பம்.

வீட்டிலேயே பெட்டி அடித்துக்கொள்பவர்களின் வாங்கும் பட்டியலை இது மாற்றியது. ஒரேயொரு ராட்சத 18 அங்குலத்துக்கான பணத்தை இரண்டு மூன்று நடுத்தர 12 அங்குல டிரைவர்களாகப் பிரிக்கிறார்கள், க்யூடிஎஸ் 0.5ஐ ஒட்டிய, எக்ஸ்மேக்ஸ் தாராளமான டிரைவராகப் பார்த்து, அறுபது எழுபது லிட்டர் அடைத்த பெட்டிகளில் பொருத்துகிறார்கள். துளையிட்ட பெட்டியில் பேஸ் அதன் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று செங்குத்தாக விழும். அடைத்த பெட்டியில் சரிவு 12 டெசிபல்தான். ஜன்னலும் கதவும் மூடிய சிறிய அறை மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால், அந்தச் சரிவிலும் ஒரு பகுதி நிரம்பிவிடுகிறது.