2 போய் 4 வந்த கதை: அந்தமான், டிசம்பர் 2004

ஹாம் ரேடியோவில் ஒருத்தருக்குப் பேரைவிட கால் சைன்தான் முக்கியம். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரின்னு வெச்சுக்கலாம். ஆனா ஒரு வித்தியாசம். நம்ம வண்டியை அசாமுக்கே ஓட்டிட்டுப் போனாலும் டி.என். போர்டு அப்படியேதான் இருக்கும். ஹாம்ல, ஊரைவிட்டுப் போய் மைக்கைப் பிடிச்சா, பல இடங்கள்ல அது கால் சைன்லயே தெரியணும்.

இந்தியாவில் பெரும்பாலான கால் சைன்கள் வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும். அந்தமான் நிக்கோபாருக்கு வி.யு.4, லட்சத்தீவுக்கு வி.யு.7. தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தின் கால் சைன் வி.யு.2.ஆர்.பி.ஐ. (ரிசர்வ் வங்கிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க!) 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போனதும் அவர் வி.யு.4.ஆர்.பி.ஐ. ஆனார். மாறினது ஒரே ஒரு எண்.

அந்த 4-க்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சமில்லை. தபால்தலை சேர்க்கிற மாதிரி, தொடர்பு கிடைச்ச இடங்களைச் சேர்க்கிறது ஹாம்களோட பழக்கம். அந்தமான் நிலப்பரப்பிலிருந்து ரொம்ப தள்ளி இருக்கிறதால, அவங்க பட்டியலில் அது தனி நாடு மாதிரி ஒரு தனி வரி. அங்கிருந்து ஒலிபரப்ப அனுமதி வாங்குறது குதிரைக்கொம்பு; அதனால பலரோட பட்டியலில் அந்த வரி பல வருஷமா காலி. பாரதி வந்ததும் உலகம் முழுக்க ஹாம்கள் அவருக்காகக் காதைத் தீட்டிட்டு உட்கார்ந்தாங்க.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29-க்கு நிலநடுக்கம், அப்புறம் சுனாமி. மின்சாரம் போச்சு, தொலைபேசி போச்சு. பொழுதுபோக்குக்காக விரிச்ச அந்த நிலையமே அவசர நிலையமாச்சு. வி.யு.4 என்று காதில் விழுந்ததுமே, பேசுறது அந்தமானிலிருந்துன்னு தெரிஞ்சிடும், யாரும் கேட்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், கேட்கறதுக்கு ஆட்கள் ஏற்கனவே காத்திருந்தாங்க. யாருமே தேடாத ஒரு சாதாரண கால் சைனா இருந்திருந்தா, இவ்வளவு காதுகள் அந்த அலைவரிசையில் இருந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்து வந்த நாட்களில், தீவில் மாட்டிக்கிட்டவங்க பத்திரமா இருக்காங்கங்கிற தகவல் ஹாம்கள் வழியா நிலப்பரப்பில் இருந்த குடும்பங்களுக்குப் போச்சு. ஹாம்கள் சிலர் கார் நிக்கோபாருக்கே போய் அங்க ஒரு நிலையம் போட்டாங்க. அலை அடிச்சுத் துடைச்சுட்டுப் போன அந்தத் தீவிலிருந்து, யார் யார் உயிரோட இருக்காங்கன்னு போர்ட் பிளேருக்கு ஒவ்வொரு பேரா வர ஆரம்பிச்சது.