பிறப்பும் பேறும்: இராயபுரம் மகப்பேறு மருத்துவமனையை முன்வைத்து ஒரு சொல் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் ‘பெர்த்’ என்னும் ஒரே சொல் குழந்தை உலகிற்கு வருதலையும் தாய் அதனை ஈனுதலையும் குறிக்கிறது. தமிழில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்குடும்பங்கள் உள்ளன. 1880இல் இராயபுரத்தில் தோன்றிய மகப்பேறு மருத்துவமனையையும் பிறப்புப் பதிவு நடைமுறையையும் சான்றாகக் கொண்டு, இச்சொற்களுள் எது எவ்விடத்தில் நிலைபெற்றது என்பதையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிறப்பு, பேறு, ஈனுதல், மகப்பேறு, இராயபுரம், பிறப்புப் பதிவு

முன்னுரை

வடசென்னைத் துறைமுகப் பகுதியில் ‘பெர்த்’ என்பது கப்பல் அணையும் தளத்தைக் குறிக்கும். ‘டெலிவரி’ என்பது சரக்கை ஒப்படைத்தலைக் குறிக்கும். அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள இராயபுரம் மருத்துவமனை வாயிலில் ‘டெலிவரி ஆயிற்றா?’ என்று கேட்டால் அது பிள்ளைப்பேற்றைப் பற்றிய வினா. பிறப்பைக் குறிக்கும் ‘பெர்த்’ என்னும் சொல்லோ, தமிழர் பேச்சில் பெரும்பாலும் ‘பெர்த் சர்டிபிகேட்’ என்னும் தொடரிலேயே வருகிறது. ஆக, தாய்க்கு ஒரு கடன்சொல், குழந்தையின் ஆவணத்திற்கு மற்றொரு கடன்சொல் என்று பேச்சுவழக்கு பிரித்துக்கொண்டது. இப்பாகுபாடு தற்செயலானதன்று, தமிழில் முன்பே இருந்த பாகுபாட்டைக் கடன்சொற்களும் பின்பற்றின என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தமிழில் இருவகைச் சொற்கள்

‘பிற’ என்பது தன்வினை. பிறப்பது குழந்தை, தாய் அவ்வினைக்கு எழுவாய் ஆவதில்லை. அதன் பிறவினையான ‘பிறப்பி’ இக்காலத்தில் பெரிதும் ஆணை பிறப்பித்தலுக்கே வழங்குகிறது. பிறப்பு என்னும் பெயர் தோற்றம், குடி, பிறவித் தொடர் எனப் பரந்த பொருளுடையது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். அங்குப் பிறப்பன எழுத்தொலிகள். சனனம், உற்பவம் முதலிய வடசொற்களும் இவ்வகையினவே.

தாயின் பக்கம் நிற்கும் சொற்கள் வேறு. ஈனுதல், உயிர்த்தல், பெறுதல், பிரசவித்தல் ஆகியவற்றிற்குத் தாயே எழுவாய். இவற்றுள்ளும் நுண்ணிய வேறுபாடு உண்டு. ஈனுதல் தாய்க்கே உரியது. புறநானூற்றின் 312ஆம் பாடலும் ஈனுதலைத் தாயின் கடனாகவும் சான்றோனாக்குதலைத் தந்தையின் கடனாகவும் வகுக்கிறது. பெறுதலோ அடைதல் என்னும் பொருளது. ஆதலால் ‘பெற்றோர்’ என்பதில் தந்தையும் அடங்குவார். கெடு ‘கேடு’ ஆனாற்போலப் பெறு ‘பேறு’ ஆயிற்று. இம்முதனிலை திரிந்த தொழிற்பெயர் நற்பயன், செல்வம் என்னும் பொருள்களையும் ஏற்றது. திருக்குறளின் ஏழாம் அதிகாரம் ‘புதல்வரைப் பெறுதல்’ எனவும் ‘மக்கட்பேறு’ எனவும் இருவகையாகத் தலைப்பிடப்படுவது, குழந்தை அடையத்தக்க பொருளாகக் கருதப்பட்டதைக் காட்டும்.

காலப்போக்கில் ஈனுதல் உரைநடையில் கால்நடைகளுக்கு உரியதாயிற்று. தலையீற்றுப் பசு என்கிறோம். மகளிர்க்கு அச்சொல்லை வழங்குவதில்லை. தாயின் உடல்வினையை மட்டும் சுட்டிய பழஞ்சொல் இவ்வாறு மனித வழக்கிலிருந்து விலகியது.

ஆங்கிலச் சொற்களும் இராயபுரமும்

ஆங்கிலச் சொல்லும் வேரளவில் தாயின் பக்கத்ததே. சுமத்தலைக் குறிக்கும் வினையோடு அது தொடர்புடையது. வழக்கிலோ குழந்தையின் வருகையையும் குடிப்பிறப்பையும் குறிக்கலாயிற்று. அதனால் தாயின் நிலையைச் சுட்ட வேறு சொற்கள் தேவைப்பட்டன. அவற்றுள் ‘டெலிவரி’ விடுவித்தலையும், ‘கன்ஃபைன்மென்ட்’ அறையினுள் அடங்கியிருத்தலையும், ‘லையிங்-இன்’ படுக்கையில் இருத்தலையும் அடிப்படையாகக் கொண்டவை.

இவற்றுள் இறுதிச் சொல்லே சென்னைக்கு முதலில் வந்தது. 1844இல் எழும்பூர்ப் பகுதியில் அமைந்த மருத்துவமனை அப்பெயர் பூண்டது. 1880இல் சவலை இராமசாமி முதலியாரின் கொடையால் இராயபுரத்தில் எழுந்த மருத்துவமனைக்கும் அதுவே பெயராயிற்று. இன்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்துள்ள இராயபுரம் மருத்துவமனை, ஆங்கிலத்தில் அப்பழஞ்சொல்லை இன்னும் விடவில்லை. இங்கிலாந்திலேயே வழக்கொழிந்த சொல் இராயபுரத்துப் பெயர்ப்பலகையில் வாழ்கிறது.

தமிழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவ எழுத்து ‘பிரசவம்’ என்பதைக் கையாண்டது. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1857இல் வெளியிட்ட ‘பிரசவ வைத்தியம்’ அதற்குச் சான்று. பின்னர் ஆட்சித்தமிழில் ‘மகப்பேறு’ நிலைபெற்றது. மகப்பேறு விடுப்பு, 1987இல் தொடங்கப்பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஆகியன அதன் பரவலைக் காட்டும். படுத்திருத்தலைச் சொன்ன ஆங்கிலப் பெயருக்கு ஈடாக, அடைதலைச் சொல்லும் தமிழ்ப்பெயர் வந்தமர்ந்தது. இது மொழிபெயர்ப்பன்று, நோக்குநிலையின் மாற்றம்.

பதிவேட்டில் தாய்

மருத்துவமனை மகப்பேறு என்க, பதிவேடு பிறப்பு என்றது. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், பின்னர் நாடு முழுமைக்குமான 1969ஆம் ஆண்டின் சட்டமும் இதனை ஒழுங்குபடுத்தின. பிறப்பறிக்கைப் படிவம் சட்டத் தகவல், புள்ளிவிவரத் தகவல் என இரு பகுதிகளை உடையது. பேறு பார்த்தவர் மருத்துவரா, மருத்துவச்சியா, உறவினரா என்பதும், பேறு இயல்பானதா, அறுவை வழியானதா என்பதும் இரண்டாம் பகுதியில் உள்ளன. அப்பகுதி தனியே பிரிக்கப்பட்டுக் கணக்கெடுப்புக்கு அனுப்பப்படும். சான்றிதழில் தாயின் பெயர் நிற்கும். அவள் வினை நிற்பதில்லை.

பதிவு, பெற்றோர் வாழும் ஊரில் அன்றிப் பிறப்பு நிகழ்ந்த இடத்தில் செய்யப்படுகிறது. எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ வந்து இராயபுரத்தில் பிள்ளை பெற்றவரின் குழந்தைக்கு இராயபுரமே பிறந்த இடம். திருவொற்றியூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை, அக்குழந்தை தன் ஊரின் பதிவேட்டில் இடம்பெறாமல் அண்டை மாநகரின் பதிவேட்டில் இடம்பெற்றது. எனவே ஒரு பகுதியின் பிறப்பு எண்ணிக்கையை அப்பகுதி மகளிரின் பேறுகளின் எண்ணிக்கையாகக் கொள்ளும் ஆய்வாளர் பிழைபட நேரும். இங்குச் சொல்வேறுபாடு தரவுவேறுபாடும் ஆகிறது.

உயிரின்றிப் பிறத்தல்

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப்படி, பிறப்பு என்பது உயிருடன் பிறத்தலையும் உயிரின்றிப் பிறத்தலையும் உள்ளடக்கும். பிறப்புக்குப் படிவம் ஒன்று, இறப்புக்குப் படிவம் இரண்டு, உயிரின்றிப் பிறந்ததற்குப் படிவம் மூன்று என விதிகள் வகுத்தன. பிறப்பும் இறப்பும் எதிர்ச்சொற்களாக வழங்கும் தமிழில் இவ்வரையறை இடர்ப்பாடு தருகிறது.

‘பேறு’ என்பதோ இவ்விடத்தில் மேலும் பொருந்தாது. எதனையும் அடையாத தாய்க்கு அது நற்பயன் ஆவதெங்ஙனம்? ‘சாப்பிள்ளை’ என்னும் பழஞ்சொல் குழந்தையை மட்டுமே சுட்டும். குழந்தை பிழைத்தாலும் பிழைக்காவிடினும் தாய் பட்ட நோவும் செய்த வினையும் ஒன்றே. அவ்வினையைப் பயன் நோக்காது கூறும் தமிழ்ச்சொல் ‘ஈனுதல்’ ஒன்றே எனலாம். அதனையே நாம் தொழுவத்திற்கு அனுப்பிவிட்டோம்.

முடிவுரை

‘பெர்த்’ என்பதற்குப் ‘பிறப்பு’ என ஒரே நிகரன் தரும் அகராதி முறை போதுமானதன்று. மூலச்சொல் குழந்தையின் வருகையைச் சுட்டுகிறதா, குடும்பம் அடையும் பயனைச் சுட்டுகிறதா, தாயின் உடல்வினையைச் சுட்டுகிறதா என்று கண்டு முறையே பிறப்பு, பேறு, ஈனுதல் எனப் பிரித்தாளல் வேண்டும். இராயபுரம் மருத்துவமனைப் பதிவேடுகள் போன்றவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர்க்கும் இப்பாகுபாடு இன்றியமையாதது. பிறப்புகளை எண்ணிய ஆவணங்களிலிருந்து ஈன்ற மகளிரின் வரலாற்றை எழுத முற்படுவோர், அவ்வாவணம் யார் பக்கம் நின்று பேசுகிறது என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.