காய்ந்த புல்வெளியில் தேரையா? கலிஃபோர்னியாவின் கரீசோ சமவெளி சொல்லும் கதை

தவளை, தேரை என்றாலே நமக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வடிகாலிலும் தவளை, பூங்காவிலும் தவளை. அதில் வியப்பே இல்லை.

ஆனால் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் இடத்தில்?

அங்கேயும் தேரை இருக்கிறது. ஓணானும் பாம்பும் இருக்கின்றன. எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? வாங்க, தெரிந்துகொள்வோம்.

எங்கே இருக்கிறது அந்த இடம்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில். லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் வடமேற்கே உள்ளது கரீசோ சமவெளி.

புல்லும் குட்டைப் புதர்களும் நிறைந்த வறண்ட நிலம் அது. நடுவே சோடா ஏரி என்ற உப்பு ஏரி. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும். கோடையில் வெறும் வெள்ளை உப்புப் படலம்தான்.

ஒரு காலத்தில் இங்கே கோதுமை பயிரிட்டார்கள். 2001ஆம் ஆண்டு ஜனவரியில் அப்போதைய அதிபர் பில் கிளின்டன் அதைத் தேசியப் பாதுகாப்பு நிலமாக அறிவித்தார். பரப்பளவு 200,000 ஏக்கருக்கும் அதிகம்.

பக்கத்தில் உள்ள சான் வாக்கீன் பள்ளத்தாக்கும் முன்பு இப்படித்தான் இருந்தது. இப்போது அதன் பெரும்பகுதி வயல், தோட்டம், எண்ணெய்க் கிணறு, ஊர் என்று மாறிவிட்டது. அங்கிருந்த உயிரினங்களுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய புகலிடங்களில் ஒன்று கரீசோ.

தண்ணீர் இல்லாமல் தேரை எப்படி வாழ்கிறது?

பதில் சுலபம். அது மண்ணுக்குள் போய்விடும்.

இங்குள்ள தேரையின் பின்னங்காலில் கறுப்பான, கெட்டியான ஒரு புடைப்பு இருக்கும். பார்க்கக் குட்டி மண்வெட்டி மாதிரி. அதனால் மண்வெட்டிக்கால் தேரை என்று அழைக்கலாம். உடலைப் பின்னோக்கி அசைத்து அசைத்தே மண்ணில் இறங்கிவிடும். நீளம் 4 முதல் 6 செண்டிமீட்டர்தான்.

ஆண்டில் 8 முதல் 10 மாதம் அது நிலத்தடியில்தான் இருக்கும். மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் கீழே மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதுபோதும்.

மழை வந்ததும் என்ன நடக்கும்?

- இரவில் வெளியே வரும்
- மழைநீர் தேங்கிய குட்டையைத் தேடிப் போகும்
- ஆண் தேரை குறட்டை விடுவதுபோல் கத்தும்
- பெண் தேரை தண்ணீரில் முட்டையிடும்
- ஒரு வாரத்துக்குள் தலைப்பிரட்டைகள் பொரிந்துவிடும்

அதற்குப் பிறகு ஓட்டப்பந்தயம்தான். குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கவேண்டும். அதற்குச் சுமார் ஒரு மாதமாவது தண்ணீர் நிற்கவேண்டும். முன்னரே வற்றிவிட்டால் அந்த ஆண்டின் குஞ்சுகள் அவ்வளவுதான்.

மண்ணுக்குள் இருக்கும் தேரைக்கு மழை எப்படித் தெரியும்?

அதிர்வால். மழைத்துளிகள் நிலத்தில் விழும் அதிர்வு அதை எழுப்பிவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இதற்கு நெருங்கிய இனத்துத் தேரைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. மின்மோட்டாரின் அதிர்வை மழை என்று நம்பி அவை வெளியே வந்தன. காய்ந்த நிலத்தில் அப்படி வந்துவிட்டால் பிழைப்பது கடினம்.

கனரக வாகனங்களும் மண்சாலை விட்டு இறங்கும் கார்களும் அங்கே ஏன் பிரச்சினை என்பது இப்போது புரிகிறதா?

மண்வெட்டிக்கால் தேரையை அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்க்க, அமெரிக்க மீன், வனவிலங்கு அமைப்பு 2023ஆம் ஆண்டு டிசம்பரில் பரிந்துரைத்தது.

ஓணான் எங்கே ஒளிகிறது?

கரீசோவின் புகழ்பெற்ற ஊர்வன இனம், மழுங்கிய மூக்குடைய சிறுத்தை ஓணான். உடல் முழுக்கப் புள்ளியும் பட்டையும் இருக்கும். முட்டையிடும் பருவத்தில் பெண்ணின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறம் படரும். வெட்டுக்கிளி பிடிக்கும், சமயத்தில் சின்ன ஓணானையும் விழுங்கிவிடும்.

1967ஆம் ஆண்டிலேயே அது அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. சான் வாக்கீன் பள்ளத்தாக்கையும் அதை ஒட்டிய பகுதிகளையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

வளர்ந்த ஓணான்கள் வெளியே நடமாடுவது வசந்தகாலத்திலிருந்து கோடையின் நடுப்பகுதி வரைதான். மற்ற மாதங்களில் வளைக்குள் ஓய்வு. நடமாடும் நாள்களிலும் நண்பகல் வெயில் ஏறினால் நிழலையோ வளையையோ தேடி ஓடிவிடும். வறட்சி ரொம்பக் கடுமையாக இருந்தால் பெண் ஓணான் அந்த ஆண்டு முட்டையே இடாமல் இருந்துவிடும்.

சரி, அந்த வளையைத் தோண்டுவது யார்? பெரும்பாலும் ஓணான் இல்லை. எலி!

எலிக்கும் ஓணானுக்கும் என்ன சம்பந்தம்?

கரீசோவில் பெரிய கங்காரு எலி என்ற இனம் வாழ்கிறது. பின்னங்கால்களால் தாவித் தாவிப் போகும். விதைகளைச் சேர்த்து வைக்கும். வளையைச் சுற்றியுள்ள செடிகளை வெட்டி, இடத்தைத் துப்புரவாக வைத்திருக்கும்.

ஓணானுக்கு இதில் இரட்டை லாபம். ஒளிய வளை, ஓட வெட்டவெளி.

அந்த எலியும் 1987 முதல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. எலிக்கு விஷம் வைத்தால் எலி மட்டுமா போகும்? ஓணானின் வீடும் சேர்ந்தே போகும்.

வேறு என்னென்ன இருக்கின்றன?

- கொம்பு ஓணான்: எறும்புதான் முக்கிய உணவு. நாய், நரி போன்றவை தாக்கினால் கண்ணோரத்திலிருந்து இரத்தத்தைப் பீய்ச்சியடிக்கும்.
- கிலுகிலுப்பைப் பாம்பு: நச்சுப் பாம்பு. வாலை ஆட்டி எச்சரிக்கும்.
- கோஃபர் பாம்பு: நச்சு இல்லை. ஆனால் தலையைத் தட்டையாக்கி, சீறி, வாலை அதிரவைத்து, கிலுகிலுப்பைப் பாம்பு மாதிரி நடிக்கும்.

புல் நிறைய வளர்ந்தால் நல்லதுதானே?

இங்கே அப்படி இல்லை. வெளியூரிலிருந்து வந்த ஓராண்டுப் புற்கள், நல்ல மழை பெய்தால் அடர்த்தியாக வளர்ந்துவிடும். அதற்குள் ஓணானால் வேகமாக ஓடமுடியாது. இரையும் கிடைக்காது, எதிரியிடமிருந்தும் தப்பமுடியாது.

அதனால் சில இடங்களில் மாடுகளை மேயவிட்டுப் புல்லைக் குறைக்கிறார்கள். வறண்ட ஆண்டில் அது சரிவராது. இருக்கும் கொஞ்சப் புல்லுக்கு மாடும் எலியும் போட்டி போடும்.

வெறும் நிலம்தானே, வேறு எதற்காவது பயன்படுத்தலாமே?

இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியே, சமவெளியின் வடக்கே, 2011ஆம் ஆண்டு இரண்டு பெரிய சூரியசக்தி நிலையங்களின் கட்டுமானம் தொடங்கியது. டோபாஸ் நிலையத்தின் உற்பத்தித் திறன் 550 மெகாவாட், இன்னொன்றின் திறன் 250 மெகாவாட்.

தூய எரிசக்தி வேண்டும். பருவநிலை மாற்றத்தால் வெப்பம் கூடினால் ஓணான்கள் வெளியே வந்து இரை தேடும் நேரமும் குறையும். ஆனால் மின்தகடுகளை வைக்க அவற்றின் நிலமே தேவைப்படுகிறது. திட்டங்களுக்கு ஈடாக வேறு நிலங்கள் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டன. எந்த இடத்தில் கட்டலாம், எந்த இடத்தை விட்டுவிடவேண்டும் என்பதே சிக்கல்.

மேலே காலியாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு நிலம் காலி என்று முடிவுகட்ட முடியாது. கரீசோவில் பல உயிர்கள் ஆண்டின் பெரும்பகுதியைக் காலடியில்தான் கழிக்கின்றன.

நேரில் பார்க்கப் போகிறீர்களா?

- காட்டுப்பூக்களும் ஓணான்களும் வேண்டுமென்றால் வசந்தகாலம் ஏற்றது
- உள்ளே பெட்ரோல், உணவு, குடிநீர் கிடைக்காது. முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்
- சாலையை விட்டுக் காரை இறக்காதீர்கள். சக்கரம் பட்டால் வளை இடிந்துவிடும்
- மழை பெய்த இரவில் மெதுவாக ஓட்டுங்கள். தேரைகள் சாலையைக் கடக்கும்
- பாம்பைக் கண்டால் அப்படியே நின்று, மெல்ல பின்வாங்குங்கள்
- ஓணானைப் பிடிக்கவேண்டாம். படம் எடுத்தால் போதும்