வளரி போச்சு, அரிவாள் நின்னுது

எங்க திசையன்விளைப் பக்கம் எல்லா வீடும் ஊருக்குள்ளேயே இருக்காது. விளைக்குள்ளே, தேரி ஓரத்தில், பனைக்கும் முருங்கைக்கும் நடுவில் ஒத்தை வீடுகள் நிறைய உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பாங்க. வீட்டில் வயசான ரெண்டு பேர் மட்டும். நடுராத்திரியில் நாய் ஒரு தினுசாகக் குரைத்தால் அவங்க கை எதைத் தேடும்? பெரும்பாலும் அரிவாளைத்தான். கட்டிலுக்கு அடியிலோ கதவு மூலையிலோ ஒண்ணு கிடக்கும். "அது கெடக்குல்லா, பயம் என்னத்துக்கு?" என்பாங்க.

திருநெல்வேலிக்காரன் என்றாலே அரிவாள் என்று சினிமாக்காரங்க ஒரு படம் வரைஞ்சு வச்சுட்டாங்க. ரத்தம் அப்படி, மண்ணு அப்படின்னு வசனம் வேற. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்ம கையில் அரிவாள் மட்டும் மிஞ்சினதுக்குச் சரித்திரத்தில் காரணம் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா, தற்காப்புக்கு எதை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கும் கொஞ்சம் தெளிவு வரும்.

இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தச் சீமையில் போலீஸ் கிடையாது, காவல்தான். ஊருக்குள் ஸ்தலகாவல், பாதைகளுக்கும் சுற்றுவட்டத்துக்கும் பாளையக்காரர்களின் தேசகாவல். இதற்காக ஊர் வரி கொடுக்கும். மாடு திருடு போனால் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுக்கணும், இல்லையென்றால் நஷ்டத்தைத் தரணும். இது வசூல் கொள்ளையாகவும் ஆனதுண்டு. துப்புக்கூலி வாங்கிக்கொண்டு, தானே மறைத்த மாட்டைத் தானே கண்டுபிடித்துக் கொடுத்த கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒன்று இருந்தது. திருடனைப் பிடிக்கிறதும் விரட்டுறதும் ஒரு தொழில். தொழில் என்றால் பயிற்சி உண்டு. கம்பு, வேல்கம்பு, கவண் எல்லாம் பழகின கைகளில் இருந்தன.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அதோடு வளரியும் இருந்தது. பிறை வடிவத்தில் வளைந்த எறிதடி. கெட்டியான மரத்தில் செய்வாங்க, இரும்பிலும் உண்டு. ஒரு முனை கனமாக இருக்கும். லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் ரெண்டு மூணு சுற்றுச் சுற்றி வீசணும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி, தனக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கை வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் கணக்கு. கற்றுக்கொடுத்த அதே சின்ன மருதுவை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் கம்பெனி தூக்கில் போட்டது. அந்தச் சண்டையில் வெல்ஷ் கம்பெனிப் பக்கம்.

வளரி உயிரை எடுக்காத ஆயுதம் என்று சொல்ல வரவில்லை. வெளி விளிம்பைத் தீட்டினால் ஆளையே சாய்க்கும். ஆனால் எங்கே அடிப்பது என்ற முடிவு எறிகிறவன் கையில் இருந்தது. ஓடுகிற மானையும் முயலையும் அடிக்கப் பழகினவனுக்கு, ஓடுகிற ஆளின் காலைக் குறிவைக்கவும் முடியும். விழ வைத்தால் போதும், வெட்ட வேண்டாம். இப்போ போலீஸ்காரங்க கொல்லாமல் தடுக்கிற ஆயுதம் என்று ரப்பர் குண்டு, பிளாஸ்டிக் குண்டு எல்லாம் வைத்திருக்கிறார்களே, அதிலும் பாடம் இதுதான்: இடுப்புக்குக் கீழே பார்த்துச் சுடு. தப்பான கையில் அந்த ரப்பர் குண்டும் கண்ணைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும்.

1801 டிசம்பர் 1. சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரபு (பிளாசி கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் போட்டார். பாளையங்களின் ராணுவ பலத்தை ஒழிக்கணும், கம்பெனி அனுமதித்தது தவிர வேறு ஆயுதம் எதையும் யாரும் வைத்திருக்கக் கூடாது. இந்தப் பாளையக்காரர் சண்டைகளை எல்லாம் தொகுத்து 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதின கால்டுவெல், எங்க ஊருக்குப் பக்கத்திலேயே, இடையன்குடியில் 1841-லிருந்து குடியிருந்தவர். அவர் கட்டின கோயிலுக்குப் போகிறவங்க எத்தனை பேருக்கு அந்தச் சரித்திரப் புத்தகம் தெரியுமோ, சந்தேகம்தான்.

கோட்டைகள் இடிந்தன, ஆயுதங்கள் போயின. வளரி ஒழிந்ததற்கு அந்த ஒரு காகிதம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கம்பெனிக்கு அடங்கிய புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலும் அது மங்கித்தான் போனது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட நூலில், அங்கேயே தேர்ந்த வளரிக்காரர்கள் இப்போ இல்லை, எப்போதாவது முயல் வேட்டைக்கு எடுக்கிறாங்க என்று பதிவாகியிருக்கு. தஞ்சாவூர் ஆயுதசாலையில் இருந்த யானைத்தந்த வளரிகள் சென்னை மியூசியத்துக்குப் போயின. காவல் தொழிலும் போச்சு. பழகுவதற்கு ஆள் இல்லையென்றால் எந்த ஆயுதமும் வெறும் கட்டைதான்.

ஆனால் அரிவாளை யாரால் பிடுங்க முடியும்? பாளை சீவணும், கதிர் அறுக்கணும், வேலிக்கு முள் வெட்டணும், வாழைக்குலை இறக்கணும். பாளையருவா, பன்னருவா, வெட்டருவா என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று. ஆயுதமில்லாத பிழைப்புக் கருவி என்பதால் அது நின்னுது. நிற்கத் தகுந்தது போய், வெட்ட மட்டுமே தெரிந்தது மிஞ்சியது என்பதுதான் இதில் எனக்கு உறைக்கிற விஷயம்.

சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெக்காலே எழுதின நகலிலிருந்து 1860-ல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், தற்காப்பு உரிமையைத் தாராளமாகவே கொடுத்தது. இந்த ஜனங்கள் அடி வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறாங்க, எதிர்த்து நிற்கிற துணிவு வரணும் என்பது மெக்காலேயின் எண்ணம். பதினெட்டு வருஷம் கழித்து, 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் கூடாது என்றது. எதிர்த்து நில்லு, ஆனா வெறுங்கையோடு நில்லு! சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1959 ஆயுதச் சட்டம், ஆயுதம் எது என்று சொல்லும் இடத்திலேயே, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டும் என்று செய்த பொருள் இதில் சேராது என்று விலக்கு தருகிறது. உதாரணமாகத் தடியையும் சாதாரணக் கைத்தடியையும் பெயர் சொல்லியே காட்டியிருக்கு. ஒன்பது அங்குல நீளம் அல்லது ரெண்டு அங்குல அகலத்தைத் தாண்டின அலகு என்று விதிகள் ஒரு கோடு போட்டாலும், அங்கேயும் விவசாயக் கருவிக்கு விலக்கு உண்டு. 2021 செப்டம்பரில் தென்மாவட்டங்களில் கொலைகள் அடுத்தடுத்து நடந்தபோது, அரிவாள் வாங்குகிறவர் பெயர், விலாசத்தை எழுதி வைக்கணும் என்று போலீஸ் பட்டறைகளுக்கு உத்தரவு போட்டது. 1801-க்குப் பிறகு அரசாங்கம் மறுபடியும் கொல்லப்பட்டறை வாசலுக்கு வந்து நின்னது.

சரி, இப்போ என்னதான் வைத்துக்கொள்வது? முதலில் அரிவாளைக் கழித்துவிடலாம் என்பது என் கட்சி. அதை வீச, வந்தவன் கைக்கு எட்டும் தூரத்துக்கு நீங்களும் போகணும். எழுபது வயசுக் கையிலிருந்து அதைப் பிடுங்க எவ்வளவு நேரமாகும்? பிடுங்கினால் அது உங்க மேலேயே திரும்பும். பட்டுவிட்டாலோ காயம் சின்னதாக இருக்காது. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று பழைய சட்டத்தின் 99-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 37-வது பிரிவு அதையே சொல்லுது. இருட்டில் பதறிப்போய் வீசின வெட்டு தேவையான அளவுதானா என்று கோர்ட்டில் நின்று விளக்கும் வேலை உங்களுடையது.

நகரத்தில் பெப்பர் ஸ்பிரே பழக்கமாயிடுச்சு, அதுவும் 2012 டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு. 2014 பிப்ரவரியில் தெலங்கானா மசோதா அன்று மக்களவைக்குள்ளேயே ஒரு எம்.பி. அதை அடித்து, சபையே இருமிக்கொண்டு வெளியே ஓடியது ஞாபகமிருக்கும். மிளகாயின் காரச்சத்துதான் சரக்கு. பேருந்து நிறுத்தத்திலும் லிப்டிலும் அது நல்ல பொருள். எங்க பக்கம் ஆனி, ஆடியில் காற்றாலை சுற்றுகிற காத்து இருக்கே, அந்தக் காத்தில் அதை எதிர்த்து அடித்தால் முதலில் கண்ணைக் கசக்குவது நீங்களாகத்தான் இருக்கும். விளையாட்டுச் சாமானும் இல்லை. 2024-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் அதை அடித்ததைத் தற்காப்பு என்று ஏற்க மறுத்தது.

கம்புதான் என் தேர்வு. நெற்றி மட்டத்துக்கு வரும் மூங்கில் கம்பு, அரிவாள்காரனை அவன் வீச்சுக்கு வெளியே நிறுத்தும். முழங்கை, மணிக்கட்டு, முட்டி என்று அடிக்கிற இடத்தை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். வளரியிடம் இருந்த குணம் இதில் பாக்கி இருக்கு. ஆனால் ரெண்டு குறை. பழகாத கையில் அது துடைப்பக்கட்டைக்குச் சமம். அப்புறம், தாழ்ந்த கூரை, குறுகின அறை என்றால் சுற்ற இடமே இருக்காது.

அப்படிப்பட்ட இடத்துக்கு விடை 2019 ஆகஸ்டில் நம்ம மாவட்டத்திலேயே கிடைத்தது. கடையம் பக்கம் கல்யாணிபுரம், தோட்டத்து வீடு, வயசான விவசாயத் தம்பதி. (கடையம் தென்காசி மாவட்டத்துக்குப் போனது அதுக்குப் பிறகு.) முகத்தை மூடிய ஒருத்தன் பின்னாலிருந்து வந்து பெரியவர் கழுத்தைத் துணியால் இறுக்கினான். கூட வந்தவன் கையில் அரிவாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா கிடந்த செருப்பை எடுத்து எறிந்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டூல் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் பறந்தது. பிடி தளர்ந்ததும் பெரியவரும் நாற்காலியைத் தூக்கிவிட்டார். அம்மாவுக்குக் கையில் காயம், கழுத்துச் சங்கிலி போச்சு. ஆனால் ஓடினது வந்தவங்கதான். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த வருஷ சுதந்திர தின விழாவில் முதல்வர் கையால் விருதும் கிடைத்தது.

எல்லோரும் தைரியத்தைப் பாராட்டினாங்க. நான் அந்த நாற்காலியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலு கால் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கும்போது அரிவாள் உள்ளே நுழைய வழியில்லை. எடை இல்லாததால் வயசானவங்களும் தூக்கலாம், வீசலாம். யார் மேல் பட்டாலும் உயிர் போகாது. பழக்கமும் வேண்டாம்.

இப்போ தெரிஞ்சவங்க தோட்டத்து வீட்டுக்குப் போனால் நான் சொல்றது இதுதான். திண்ணையில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி எப்பவும் கிடக்கட்டும், ராத்திரி உள்ளே தூக்கி அடுக்காதீங்க. முற்றத்தில் ஒரு லைட். கம்பு கதவுக்கு உள்பக்கம், கையெட்டும் இடத்தில். அரிவாளை மட்டும் வேலை முடிஞ்சதும் மோட்டார் ரூமில் வச்சுப் பூட்டுங்க. வெளியே போட்டு வச்சா வர்றவனுக்குத்தான் அது முதலில் கிடைக்கும்.