நாகக் கருவுக்கு இரண்டு வழி

வேலணையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்த காலம் முழுவதும், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பெயரை விடாமல் சொல்லிவந்தேன்: கல்கத்தாவின் சமரேந்திரநாத் கோஷால்.

1930களின் நடுவில், மெதுவான நியூத்திரன்களைக் கருக்கள் குறித்த சில சக்திகளில் மட்டும் அடங்காப் பசியோடு விழுங்குவதைக் கண்டார்கள். பழைய கணக்குகள் அதற்குச் சரிவரவில்லை. 1936இல் கொப்பன்கேகனிலிருந்து நீல்ஸ் போர் விடை சொன்னார். உள்ளே புகுந்த துணிக்கை தன் சக்தியை மற்ற எல்லாத் துணிக்கைகளோடும் பங்கிட்டுவிடுகிறது. அப்படி உண்டாகும் சேர்வைக் கரு, தான் பிறந்த வழியை மறந்த பிறகே உடைகிறது.

நயினாதீவுத் தேருக்குக் குறிகட்டுவானில் படகேறி வந்த சனமும் நெடுந்தீவுச் சனமும் வீதியில் கலந்தபின், ஆர் எந்தத் துறையால் வந்தவர் என்று பிரிக்க ஏலாது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

சொன்னது போர், ஆனால் மறதியை நேரே சோதித்துக் காட்டியது கோஷால். அமெரிக்காவின் பேர்க்லியில் அவர் செய்த சோதனை 1950இல் வெளிவந்தது. நிக்கல்-60 மீது அல்பாத் துணிக்கைகளை அடித்தார். செப்பு-63 மீது புரோத்தன்களை அடித்தார். இரண்டு வழியிலும் பிறப்பது ஒரே நாகம்-64. அது ஒரு நியூத்திரனை விட்டால் நாகம்-63, இரண்டை விட்டால் நாகம்-62, ஒரு புரோத்தனையும் ஒரு நியூத்திரனையும் விட்டால் செப்பு-62. மூன்றும் கதிர்வீசுபவை. நாகம்-63 பாதியாகக் குறைய 38 நிமிடம், நாகம்-62க்கு 9 மணித்தியாலம், செப்பு-62க்குப் பத்து நிமிடமும் இல்லை. அந்த வேறுபாட்டைக் கொண்டே எது எவ்வளவு உண்டானது என்று கணித்தார்.

இரண்டு வழியிலும் மூன்றின் விகிதங்களும் பெரும்பாலும் ஒத்துப்போயின. விளைவுகளைச் சக்திக்கு எதிரே கீறிய வளைகோடுகளைப் பொருத்த, புரோத்தன் சக்தி அளவுகோலை ஏறத்தாழ 7 மெகா இலத்திரன்வோல்ற்று நகர்த்தவேண்டியிருந்தது. அதில் பெரும்பங்குக்குக் காரணம் உண்டு: ஒரே கிளர்ச்சிநிலைக்கு எழும்ப அல்பாவுக்குக் கூடுதல் இயக்கசக்தி வேண்டும்.

மறதி முழுமையானதல்ல, மொத்தச் சக்தியும் கோண உந்தமும் கருவில் தங்கும். சக்தி மிகக் கூடினால், கலக்க முன்னரே சில துணிக்கைகள் வெளியேறிவிடும். இவற்றைப் பின்வந்தவர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். கோஷால் பிரசிடென்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, மாணவருக்கான பௌதிக நூல்களையும் எழுதினார். ஒரு நல்ல சோதனைக்கு இணையான தொண்டாகவே அதை நான் மதிக்கிறேன்.

அந்த வளைகோடுகளைப் பிள்ளைகளையே கீறவைப்பேன்: அல்பாவுக்கு ஒரு தாள், புரோத்தனுக்கு ஒரு தாள், பிறகு ஒன்றன்மேல் ஒன்றை வைத்து யன்னல் வெளிச்சத்தில் நகர்த்திப் பொருத்தவேண்டும்.