பெயர்ந்து வரும் அன்பு

போதகரை ‘ஐயா’ என்றழைப்பது நம் சபைகளின் வழக்கம். ஐயன் என்னும் சொல் தந்தையையும் குறிக்கும். அவ்வாறு அழைப்போர் தம் உள்ளத்தில் யாரை அழைக்கின்றனர் என்னும் வினா, ஆற்றுப்படுத்தும் பணியில் உள்ளோர் புறக்கணிக்கத்தக்கதன்று.

உளப்பகுப்பாய்வின் வரலாற்றில் இவ்வினா ஒரு தோல்வியினின்றே தெளிவுற்றது. 1900ஆம் ஆண்டில் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டிடம் சிகிச்சை பெற்ற பதினெட்டு வயதுப் பெண்ணொருவர், ஆண்டின் கடைசி நாளன்று, இனி வருவதில்லை எனக் கூறிச் சென்றுவிட்டார். ‘டோரா’ என்னும் புனைபெயரால் 1905இல் அவ்வரலாற்றை வெளியிட்ட பிராய்டு, முன்பு பிறர்மீது கொண்ட உணர்வுகளை அப்பெண் தம்மீது ஏற்றியதை உரிய காலத்தில் உணரத் தவறியதாக ஒப்புக்கொண்டார். இவ்வேற்றமே ‘டிரான்ஸ்பரன்ஸ்’ எனப்படும். ஈண்டு உணர்வுப் பெயர்ச்சி என்போம். நோயாளர் காட்டும் காதலை மருத்துவர் தம் தகுதிக்குக் கிடைத்த வெற்றியாகக் கருதலாகாது. அதற்கு இணங்கவும் கூடாது, அதை அடக்கிவிடவும் கூடாது. அதன் வேரை நோயாளரே கண்டுகொள்ளத் துணைநிற்க வேண்டும் என்று 1915இல் அவர் எழுதினார்.

சூரிச் நகரின் சீர்திருத்தச் சபைப் போதகர் ஆஸ்கர் பிஸ்டர், 1909 முதல் பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டு, இம்முறையை மேய்ப்புப்பணியில் கையாண்டார். இவ்வன்பைக் கடவுள்பால் திருப்பும் பேறு போதகருக்கு உண்டு என்பதை, கடவுள் நம்பிக்கையற்ற பிராய்டே அவருக்குச் சுட்டிக்காட்டினார். ஆயின் இதில் ஓர் இடர் உண்டு. கடவுள்பால் திருப்புவதாக எண்ணிக்கொண்டே நம்மிடம் நிறுத்திக்கொள்வது எளிது.

நம் நாட்டில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். குரு–சீடர் உறவே நம்மவர்க்கேற்ற சிகிச்சை உறவின் மாதிரியாகலாம் என்னும் கருத்தை 1973இல் உளநோய் மருத்துவர் ஜே. எஸ். நேகி முன்வைத்தார். சிந்திக்கத்தக்க கருத்தே. எனினும், சீடர் தம் அறிவையெல்லாம் குருவிடம் ஒப்படைத்துவிட்டால் நேர்வது யாது என்பதை, அரியலூரை அடுத்த ஏலாக்குறிச்சியில் திருப்பணியாற்றிய வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே ‘பரமார்த்த குருவின் கதை’யில் நகைச்சுவையுடன் காட்டிவிட்டார்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிற்றூர்களில் நாம் பணியாற்றிய நாட்களில், இளமையிலேயே தந்தையை இழந்த ஓர் இளைஞர் வாரந்தோறும் வந்து நம்மிடம் மனந்திறந்து பேசுவார். அவர் வயலில் மக்காச்சோளம் விளைந்தால் முதற்கதிர்கள் நம் இல்லத்திற்கே வரும். அதை நம் ஊழியத்தின் கனி எனக் கண்டு மகிழ்ந்தோம். நமக்கு இடமாறுதல் வந்தபோது அவர் விடைகொடுக்க வரவில்லை. ஆலயத்திற்கு வருவதையும் நிறுத்திவிட்டார். நன்றியற்றவர் என்று சினந்தோம். விட்டுச் சென்ற தந்தையின்மீது அவர் கொண்டிருந்த கோபமே அது என்பது பல ஆண்டுகள் கழித்தே நமக்குப் புலப்பட்டது. அவருடைய அன்பை நம்முடையதென்று கொண்டதனாலேயே கோபத்தையும் நம்முடையதென்று கொண்டோம். பிரிவைப்பற்றி முன்னரே அவருடன் பேசியிருப்போமாயின், அவர் தம் தந்தைக்காக நம் முன்னிலையில் அழுதிருக்கக்கூடும்.

லீஸ்திராவில் பவுலையும் பர்னபாவையும் தேவர்களாகக் கொண்டாடிய மக்கள், பின்னர்ப் பிறர் தூண்டுதலால் பவுலைக் கல்லெறிந்தனர் (அப். 14). அப்போஸ்தலர் மாலையை ஏற்கவில்லை. தாமும் மனிதரே என்றனர். கல்லெறியுண்ட பின்பும் பவுல் எழுந்து அந்நகருக்குள்ளேயே சென்றார். மாலையும் கல்லும் தமக்குரியன அல்ல என்றறிந்தவரே அவ்வாறு திரும்பிச் செல்ல இயலும்.